மாநாட்டுக்குப் போன போர்வை

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகு வலி குறைந்ததா, ஆஸ்பத்திரி வார்டில் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே போட்டிருக்கும் அந்த இரும்பு நாற்காலியை மாற்றிக் கொடுத்தார்களா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு இதே நினைப்புதான்.

இவ்வளவு தூரம் வந்து போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். முந்தாநாள் போனில் நீ மொத்தமாகப் பேசியது ஒரு 'ம்'. அதற்கு மேல் கேட்டால் உன் வீட்டுக்காரன் போனை வாங்கிக்கொண்டு, அம்மா, அவள் தூங்கட்டும் என்றான். அந்த வார்டுக்குள் போன் கொண்டு போகவும் விட மாட்டார்கள். கடிதமென்றால் உள்ளே எடுத்துப் போகலாம். ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை, பாதியில் வைத்துவிட்டு மறுபடி எடுக்கலாம். உன் பேராசிரியை அம்மா இன்று மதியம் ஊருக்குக் கிளம்புகிறார். அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். எனக்கு இன்னும் இரண்டு நாள் மேஜை வேலை பாக்கி.

பிரயாணத்தில் சிரிப்பாய்ச் சிரித்தது ஒன்றுதான். விமான நிலையத்தில் பெட்டியை மெஷினுக்குள் விட்டதும் மூன்று சீருடைக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். பஞ்சு வைத்த போர்வை, உள்ளே ஒயர், ஓரத்தில் சின்னச் சின்ன இரும்புத் துண்டு. பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மேஜைமேல் விரித்துப்போட்டு நூல் நூலாகத் தடவிப் பார்த்தார்கள். பேராசிரியை அம்மா இது பாடும் போர்வை, மெதுவாகத் தொட்டால் பதிவு செய்த குரல் கேட்கும் என்று விளக்கினார். அப்படியானால் பாடச் சொல்லுங்கள் என்றார் ஒருவர். லேப்டாப்போடு சேர்த்தால்தானே பாடும்? கடைசியில் ஒரு பெண் அதிகாரி தையலைப் பார்த்துவிட்டு, கையால் போட்டதா என்று என்னிடம் சைகையில் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அத்தோடு மடித்துக் கொடுத்துவிட்டார்கள். மடித்த லட்சணம்தான் சகிக்கவில்லை.

இந்தப் புது இசைக்கருவி மாநாடு நடக்கிற இடம் பெரிய கல்லூரி ஒன்றின் கீழ்த்தளம். நீள நீளமாக மேஜை போட்டுக் கறுப்புத் துணி விரித்திருக்கிறார்கள். (மலிவுத் துணி. விளிம்பு மடிக்கவே இல்லை. நான் தைத்துக் கொடுக்கும் திரைச்சீலைக் கடை முதலாளி பார்த்தால் மாரடைப்பு வந்துவிடும்.) தரையெல்லாம் ஒயர், யாரும் தடுக்கி விழாமல் இருக்க மேலே டேப் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு மேஜையில் தண்ணீர்க் கிண்ணம். விரலை விட்டால் மணி மாதிரி சத்தம் வருகிறது. இன்னொன்றில் ஒரு பெண் கையுறை போட்டுக்கொண்டு காற்றில் துணி உலர்த்துவதுபோல் ஆட்டுகிறாள், புல்லாங்குழல் கேட்கிறது. இன்னொரு மூலையில் தரையில் பலகை பதித்து, மிதிக்க மிதிக்க ஒவ்வொரு சுரம். ஐம்பது வயது ஆள்கள் ஷூவைக் கழற்றிவிட்டு அதன்மேல் குதிக்கிறார்கள். நீ இதையெல்லாம் சொல்லும்போது நான் பாதிதான் நம்பினேன். உலகத்தில் இத்தனை பேருக்கு இதுதான் வேலை என்று இப்போதுதான் தெரிகிறது.

கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். என் அட்டையில் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். கட்டுரையில் பெயர் இருப்பவர்கள் எல்லாரும் டாக்டர்தான் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அழித்துத் தரச் சொல்லிப் பேராசிரியை அம்மாவிடம் கெஞ்சினேன். நாலு நாள்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். நேற்றுக் காலையிலிருந்து எல்லாரும் என்னை டாக்டர் என்று கூப்பிட்டுக் காப்பி கொடுக்கிறார்கள். உன் மாமனார் இருந்திருந்தால் ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சொல்லியே என்னை ஒரு வழி பண்ணியிருப்பார்.

போர்வையைப் பற்றிய கட்டுரையில் என் பெயரையும் நீ போட்டபோது எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். நீங்கள்தானே தைத்தீர்கள் என்றாய். முப்பது வருடமாகத் தைக்கிறேன், ஒரு திரைச்சீலையில்கூட யாரும் என் பெயரைப் போட்டதில்லை. போட்டால் போடட்டும் என்று விட்டுவிட்டேன். கட்டுரை எழுதியவர்களில் ஒருவராவது மேஜையில் நிற்காவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று விதி இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. பேராசிரியை அம்மாவுக்கு வேறு மேஜைகளும் இருக்கின்றன, பாதியிலேயே ஊர் திரும்பவும் வேண்டும். உன்னால் வர முடியாது. மிச்சம் நான்தான்.

இதை நான் உன்னைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில், அந்தப் போர்வையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் அத்தை என்றாய். தூக்கிப் போடவில்லை, மாநாட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று பிறகு சொன்னபோது, நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, மாசமாக இருக்கும்போது ஒயரையும் மெஷினையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனாளே, அது உன்னைக் குத்திக்கொண்டிருக்கிறது. டாக்டரம்மா என்னையும் என் பிள்ளையையும் உட்கார வைத்து அப்படி எதுவும் கிடையாது, வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தெளிவாகச் சொன்னார். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய், ஆனால் உன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அதனால் இங்கே எழுத்தில் போடுகிறேன். உன் வேலையால் ஒன்றும் ஆகவில்லை. படித்த டாக்டர் சொன்னது. அட்டை டாக்டர் நானும் அதையே சொல்கிறேன்.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் போர்வையை விரித்து, நீ எழுதிக் கொடுத்திருந்தபடி ஒயரை லேப்டாப்பில் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. கையை வைத்தேன். மூச்சே இல்லை. பேராசிரியை அம்மா வந்து எதை எதையோ அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கதவு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். எனக்கு இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்தது வெறும் போர்வையாகப் போய்விடுமோ என்று ஆகிவிட்டது.

பக்கத்து மேஜைக்காரர் ஒரு தாடிக்காரர். ஆறடிக்கு மேல் உயரம். அவருடைய சாமான் என்னவென்றால் தானாக அடிக்கும் மத்தளக் கூட்டம். நாம் கை தட்டினால் அது பதிலுக்கு அடிக்கும். ஊரே இடிந்து விழுகிற சத்தம். அதனால் மனதுக்குள் அவருக்கு இடிமுழக்கம் என்று பெயர் வைத்திருந்தேன். அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே வந்தார். ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்து, ஓரத்தில் ஒரு இணைப்பு விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார். சீருடைக்காரர்கள் மடித்த மடிப்புதான் வேலையைக் காட்டியிருக்கிறது. தன் பெட்டியிலிருந்து சூடு வைக்கும் கம்பியை எடுத்து, பஞ்சில் படாமல், ஒரு சொட்டு ஈயம் வைத்து ஒட்டினார். அவ்வளவு பெரிய கை அவ்வளவு பதமாக வேலை செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு அவர் பாஷையில் நன்றி சொல்லத் தெரியும், அதைச் சொன்னேன். அது போதாதென்று தோன்றியது. அவர் கோட்டில் ஒரு பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது. கோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கித் தைத்துக் கொடுத்துவிட்டேன்.

கதவு திறந்ததும் கூட்டம் வந்தது. அப்புறம்தான் வேறு தலைவலி. தாடிக்காரரின் மத்தளம் ஒரு தடவை முழங்கினால் நம் போர்வை பாடுவது யார் காதில் விழும்? வந்தவர்கள் கை வைத்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், போய்விட்டார்கள். உதவி செய்த மனிதரிடம் சத்தம் போடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? யோசித்துவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து போர்வைமேல் வைத்தேன். உள்ளங்கையை விரிக்க வைத்து, மெதுவாகத் தடவச் சொல்லிக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டார். பிறகு தன் மேஜைக்குப் போய் ஒரு தாளில் ஏதோ எழுதி ஒட்டினார். பேராசிரியை அம்மா படித்துச் சொன்னார்: 'மத்தளம் ஓய்வெடுக்கிறது, பக்கத்து மேஜையைக் கேளுங்கள்.' அப்புறம் நாள் முழுக்க அவர் கொஞ்சம், நாங்கள் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஓட்டினோம்.

இங்கே வருகிறவர்கள் எல்லாரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். ஆனால் போர்வையைப் பார்த்ததும் எல்லாரும் முதலில் அமுக்கித்தான் பார்க்கிறார்கள். அமுக்கினால் அது வாயை மூடிக்கொள்ளும்படி நீ செய்திருக்கிறாயே, அது அவர்களுக்குப் புரிவதில்லை. நீ எனக்குச் சொல்லிக் கொடுத்த 'தொடுங்கள்', 'மெதுவாக' என்கிற இரண்டு சொல்லையும் காலையில் பதற்றத்தில் மாற்றிச் சொல்லி, ஒருவர் தன்னையே மெதுவாகத் தொட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். வருகிறவர் கையை நானே பிடித்து எடுத்து வைத்துவிடுவேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் இரண்டு ஓரத்தில் கை வைத்து, உன் குரல் இரண்டாகப் பிரிந்து சேர்ந்து வரும்போது, முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

கண்ணு, நாள் முழுக்க உன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காமல் நீ பாடிய அந்த ராகம். அடுக்களைத் தரையில் சுவரில் சாய்ந்து, வயிற்றின்மேல் மைக்கை வைத்துக்கொண்டு பாடினாயே, குக்கரை அணைக்கச் சொல்லி, மின்விசிறியை நிறுத்தச் சொல்லி என்னை விரட்டினாயே, அந்தக் குரல். ஒரு இடத்தில் உள் அறையிலிருந்து என் தையல் மெஷின் கடகடவென்று ஓடுவதும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. நேற்றுதான் கவனித்தேன். மற்ற எல்லாச் சத்தத்தையும் துடைத்து எடுத்தவள் இதை மட்டும் விட்டு வைத்திருக்கிறாய். மறந்து விட்டதாக இருந்தாலும் சரி, வேண்டுமென்றே விட்டதாக இருந்தாலும் சரி, எனக்கு அது போதும்.

மாலையில் ஒரு வெள்ளை முடி அம்மாள் வந்தார். அவர் வந்ததும் சுற்றி நின்றவர்கள் வழிவிட்டதைப் பார்த்தால் பெரிய ஆள் என்று தெரிந்தது. பேராசிரியை அம்மாவே நிமிர்ந்து நின்றார். அந்த அம்மாள் கேள்வியெல்லாம் கேட்கவில்லை. மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையையும் போர்வைமேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ராகம் ஒரு சுற்று முடிந்து, மறுபடி தொடங்கி, அதுவும் முடிகிற வரைக்கும் எடுக்கவில்லை. அப்புறம் பேராசிரியை அம்மாவிடம் ஏதோ கேட்டார். பாடுவது யார், அந்தப் பெண் ஏன் வரவில்லை என்று கேட்கிறார் என எனக்குச் சொல்லாமலே புரிந்தது. ஏனென்றால் பேராசிரியை அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அத்தனை நேரம் உன் குரலைக் கேட்டுவிட்டு அதை உடம்பு சரியில்லாதவள் குரல் என்று சொல்ல வாய் வரவில்லை. நம் பாஷையிலேயே சொன்னேன்.

"அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. பொம்பளைப் பிள்ளை."

பேராசிரியை அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, அதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார்.

அந்த அம்மாள் முகம் மலர்ந்துபோனது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு சொல் சொன்னார். வாழ்த்துகள். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள். தண்ணீர்க் கிண்ணத்துப் பெண் ஈரக் கையோடு வந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். தாடிக்காரர் என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஓய்வெடுத்துக்கொண்டிருந்த மத்தளத்தையெல்லாம் எழுப்பி ஒரு முழக்கு முழக்கினார். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. தட்டத் தட்ட அந்த மத்தளம் பதிலுக்கு அடிக்க, நிறுத்தவே முடியவில்லை.

நான் நடுவில் நின்றுகொண்டு, இவர்கள் எதற்கு வாழ்த்துகிறார்கள் என்று விழித்தேன். அப்புறம்தான் உறைத்தது. குழந்தை பிறந்தால் வாழ்த்துவார்கள். அதுதானே உலக வழக்கம்? நம் வீட்டில் ஒருவராவது அந்தச் சொல்லைச் சொன்னார்களா? வந்தவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள், எடை என்ன என்று கேட்டார்கள், உச்சுக் கொட்டினார்கள். கடை முதலாளி, சின்ன வயசுதானே, இன்னும் காலம் இருக்கிறது என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஆறுதல்! குறைமாசத்தில் பிறந்தாலும் உயிரோடு, காலை உதைத்துக்கொண்டு இருக்கிற பிள்ளைக்கு. நாமும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. ஒரு துண்டு மிட்டாய் வாங்கி யார் வாயிலும் போடவில்லை. என் பிள்ளை அலுவலகத்தில் லீவு கேட்கும்போதுகூட வீட்டில் அவசரம் என்றுதான் சொன்னான். பயத்தில் நாம் எல்லாரும் ஒரு பிறப்பை மூடி மறைத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து அதைப் பிறப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளை முடி அம்மாள் போகும்போது குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டார். இனிமேல்தான் என்றேன். நல்லது, அவசரமில்லை, நன்றாக யோசித்து வையுங்கள் என்றாராம். குழந்தைக்கு முன்னால் நிறைய நாள் இருக்கிறது என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

அவருக்கு மிச்சம் எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பாரோ என்னவோ. நான் சொல்லவில்லை. பொய் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

அறைக்கு வந்ததும் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். துக்கத்தில் இல்லை, நீ பயப்படாதே. பாட்டியாகிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்ததுபோல் இருந்தது.

கண்ணு, பெரிய வார்த்தையெல்லாம் எனக்கு வராது. நாளைக்கு என்ன ஆகும் என்று டாக்டரம்மாவே சொல்ல மாட்டேன் என்கிறார், நான் என்ன சொல்ல? ஆனால் இன்றைக்கு அவள் இருக்கிறாள். நேற்றும் இருந்தாள். பிறந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் தன் வேலையைச் சரியாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பெட்டியில் உன் பெயரை எழுதி அதன் கீழே 'குழந்தை' என்று ஒட்டியிருக்கிறார்களே, அது எத்தனை நாளைக்கு? சாத்திரம் சம்பிரதாயம், நல்ல நாள், எடை ஏறட்டும் என்பதையெல்லாம் ஒதுக்கி வை. நீயும் என் பிள்ளையும் உட்கார்ந்து ஒரு பெயர் பேசி முடிவு செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த எந்தப் பெயரானாலும் சரி, நான் குறுக்கே ஒரு சொல் சொல்ல மாட்டேன். (என் நாத்தனார் சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன்.) நர்ஸ் அம்மாவிடம் சொல்லி அட்டையை மாற்றி எழுதச் சொல்லுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடு.

என் பிள்ளையிடம் சொல்: அலுவலகத்துக்குப் போன் செய்து, எனக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்று சொல்லட்டும். வருகிற வழியில் அந்த வார்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் இனிப்பு வாங்கி வரட்டும், வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் உட்பட. நீயும் ஒன்று எடுத்துக்கொள். இரண்டாகவே எடுத்துக்கொள்.

போர்வையை என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் பிரித்துவிடுகிறேன், எனக்கு வருத்தமில்லை. ஆனால் நேற்று எத்தனை பேர் உன் குரலில் கை வைத்துவிட்டு முகம் மாறிப் போனார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு சொல்.

ஹால் கதவைத் திறந்துவிட்டார்கள். தாடிக்காரர் நேற்றே பேராசிரியை அம்மாவிடம் கேட்டாராம், அந்தப் பாப்பா என்ன நேரத்தில் தூங்கும், சத்தத்தைக் குறைக்க வேண்டுமா என்று. இத்தனை தூரத்திலிருந்து கேட்காது என்று சொல்லியிருக்கிறார். இருந்தாலும் மனிதர் இன்று மத்தளத்தைக் குறைத்துத்தான் வைத்திருக்கிறார்.

எல்லாருடைய வாழ்த்தையும் நான்தான் வாங்கிக்கொண்டேன், அதெல்லாம் உனக்குச் சேர வேண்டியது. பிறந்த அன்றே நாங்கள் யாராவது உன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். உனக்கு மகள் பிறந்திருக்கிறாள், கண்ணு. வாழ்த்துகள். அவளும் நீயும் நீண்ட ஆயுளோடு, வயிறு நிறைந்து, மனம் நிறைந்து இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மகளின் பாட்டி